ஆள் யாரென்று சொல்லமாட்டார்கள்

நவக்கிரகத்தைச் சுற்றும்போது பூங்கோதை சனீஸ்வரனைப் பார்ப்பதில்லை. மண்டபத் தூண்களில் சாய்ந்திருக்கிற ஆண்களைப் பார்க்கிறாள். தலையில் வைத்த பூவைத் தொட்டுப் பார்த்தபடி ஒரு சுற்று, முந்தானையைச் சரிசெய்தபடி ஒரு சுற்று. பக்கத்து வீட்டுக்காரி என்கிற முறையில் துணைக்குப் போகிற நான், கால் கடுக்கப் பின்னால் நடப்பேன்.

பூங்கோதைக்கு வயது முப்பத்தொன்பது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்லாமலே போனதில், தெருவில் பேச்சாகிவிட்டது. அண்ணன் குருமூர்த்தி பெண் பார்க்கிற இடத்தைக் கோயிலுக்கு மாற்றினார். மாப்பிள்ளை வீட்டார் சாமி கும்பிட வந்தவர்களைப்போல் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இவள் சுற்றிவர வேண்டும். பிடிக்காவிட்டால் ஊருக்குத் தெரியாது. ஆள் யாரென்று பெண்ணுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் வெட்கத்தில் முகம் கோணிவிடுமாம். என்ன நியாயமோ!

பெண்கள் துணையை எங்கே சந்திக்கலாம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள்: காபி ஷாப், ஜிம், புத்தகக் கூட்டம். எழுதுகிறவர்களை ஒரு வாரம் விருத்தாசலத்தில் கொண்டுவந்து விட வேண்டும். பூங்கோதைக்கு செராமிக் கம்பெனியில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை. மண்குழம்பைத் தொட்டு வைத்துப் பெருவிரலால் அழுத்துவாள். சுற்றிலும் பெண்கள். சூளை பார்க்கிற பச்சமுத்துவுக்குப் பேரன் காலேஜ் போகிறான். பிறகு எங்கே போய் ஓர் ஆணிடம் பேசுவது?

"எனக்கு இருக்கறது இந்தக் கோயிலுதான்க்கா. அதுவும் சுத்திக்கிட்டே பாக்கணும்" என்பாள்.

போன தை மாதம் திட்டக்குடியிலிருந்து ஓர் இடம் வந்தது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் வரனே பார்க்கமாட்டேன் என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தார். அன்றைக்குத் தூணோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் இவளைப் பார்த்துச் சிரித்தார். நகர்ந்து இடம் விட்டார். இவர்தான் என்று நானும் நினைத்தேன். வேலைக்குப் போவதாகச் சொன்னார்களே என்று அவர் பேச்செடுத்ததும் எங்களுக்குச் சந்தேகமே போய்விட்டது. பூங்கோதை உட்கார்ந்தாள்.

பெயர் மாணிக்கவேல், பெண்ணாடத்தில் கரும்பு போட்டிருக்கிறாராம். திட்டக்குடிக்குப் பக்கத்து ஊர்தானே என்று நினைத்துக்கொண்டோம். நகக்கண்ணில் வெள்ளையாக என்ன என்று கேட்டார். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத களிமண் அது. கப்பு வேலையைப் பற்றிச் சொன்னாள்.

"அப்ப இத்தினி நாளா நீங்க செஞ்ச கப்புலதான் டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன் போலருக்குது" என்றார்.

பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் விடுவிடுவென்று வந்தாள். "டேய், பச்சப் பொடவன்னா இந்தப் பொடவையா? பொண்ணு அந்தாண்ட அம்மன் சன்னதில நிக்குது, வா."

அவரும் வேறொரு பெண்ணைப் பார்க்க வந்தவர். அடையாளத்துக்குப் புடவை நிறத்தை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எழுந்தார், என்னவோ சொல்ல வாயெடுத்தார், அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எதிர்த் தூணருகே இருந்த திட்டக்குடிக்காரர்கள், கண்ட ஆளோடு சிரித்துப் பேசுகிற பெண் சரிப்படாது என்று வாசலில் காத்திருந்த குருமூர்த்தியிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கத்தித் தீர்த்தார். அவர் ஓய்ந்ததும் பூங்கோதை சொன்னாள்: "பெண்ணாடத்துல அவர விசாரிச்சுப் பாருண்ணே. எனக்கு அவரப் புடிச்சிருக்குது."

என்ன ஜாதி, என்ன குலம் என்று தெரியாதவனைப் போய் விசாரிக்கச் சொல்கிறாயா என்று அவர் எழுந்து போனார். அதோடு வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே பஸ் ஏறிப் போய்க் கேட்டுவருகிறேன் என்றேன். பூங்கோதை விடவில்லை.

"அவருக்கு அந்தப் பொண்ணே முடிஞ்சிருந்தா? வாணாம்க்கா. தெரியாமலே இருக்கட்டும்."

இப்போது அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. சுற்றி முடித்ததும் அதே தூணோரம் உட்கார்ந்து, பக்கத்தில் கைப்பையை வைத்துக்கொள்வாள். போன வாரம் நல்ல கூட்டம். வயதான ஒரு கணவன் மனைவி இடம் தேடி வந்து நின்றார்கள்.

"இங்க ஆளு வராங்களாம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

பூங்கோதை வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.