ஹெல்மெட் போட்ட திருஷ்டி பொம்மை

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரான பிறகு, ஊரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு ஜல்லிக் குவியலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஊரே கட்டுகிறதே, நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று நானும் ஓட்டு வீட்டை இடித்தேன். இடித்த அன்றே நானும் மனைவியும் மச்சான் வீட்டு ஹாலுக்குக் குடிபோனோம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தங்கமான மனுஷன். முதல் மாதம், "உங்க வூடு மாதிரி நெனச்சிக்குங்க மாப்ள" என்றார். அடுத்த மாதம், "வேலை எதுவரைக்கும் வந்திருக்குது?" என்று கேட்டார். அதற்கப்புறம் டி.வி. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்.

கார்த்திகைக்குள் மேல்தளத்துக்குக் காங்கிரீட் போட்டால் தையில் குடிபோகலாம். மேஸ்திரி கச்சிராயபாளையத்துக்காரர். கையில் நாலு வீட்டு வேலை வைத்திருந்தார். "சொன்ன தேதி தவறிடிச்சின்னா ஆளுங்க அடுத்த சைட்டுக்குப் போய்க்கினே இருப்பாங்க சார். அப்புறம் பொங்கல் கழிச்சித்தான்" என்று சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்து காங்கிரீட் போட்டால் சித்திரை ஆகிவிடும். அதுவரை மச்சான் தாங்கமாட்டார். ஹாலை எங்களுக்கே விட்டுவிட்டு எங்காவது குடிபோயிருப்பார்.

இந்த நிலைமையில்தான் அதிகாரி வந்தார். கட்டடம் கட்டுகிற இடங்களைப் பார்வையிடுகிறவர். பிளானைப் பார்த்தார், பர்மிஷனைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஹெல்மெட் எங்க?" என்றார்.

"வண்டியில மாட்டியிருக்குதுங்க சார்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சாரத்தில் நின்றவர்களைக் காட்டினார். அவர்கள் தலையில் துண்டு இருந்தது, சிமெண்டு இருந்தது, ஒருவர் காதில் பீடி இருந்தது. ஹெல்மெட் இல்லை.

"தளம் போடறதுக்கு மொத நாள் வருவேன். ஒரு தலை காலியா இருந்தாலும் வேலைய நிறுத்திடுவேன்."

அன்று சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மச்சான் கவலையோடு, "அப்போ நீங்க சைட்டுப் பக்கமே போவாதீங்க மாப்ள" என்றார்.

மறுநாளே எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட் வாங்கினேன். உயரத்தில் நிற்பவருக்கு ஒரு பெல்ட்டும், ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றும். வாங்கியது வீண்போகவில்லை. ஒரு ஹெல்மெட்டில் ஆணி போட்டு வைத்தார்கள். ஒன்றில் தண்ணீர் மொண்டார்கள். ஒன்றில் மதியம் மசால் வடை வந்தது. தலையில் மட்டும் ஏறவில்லை. கலவைப் பாண்டு சுமக்கும் சித்தாள் அக்காவிடம் நானே போய்க் கொடுத்தேன்.

"இத்த மாட்டிக்கினா சும்மாடு எங்க வெக்கிறது? பாண்டு எங்க நிக்கும்? வழுக்கிக்கினு வந்து உன் மண்டையிலதான் வுழும். அப்போ நீ போட்டுக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயமாகத்தான் பட்டது.

காங்கிரீட்டுக்கு முதல் நாள் சாயந்தரம், அதிகாரி தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். நான் ஓடினேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு. மாடியைக் கைகாட்டினார்.

"அவரப் பாருங்க. ஹெல்மெட், பெல்ட், ஜாக்கெட்! இப்படி ஒரு ஆள நான் இந்த ஊர்லயே பாத்ததில்ல. கூப்பிடுங்க அவர, ஒரு போட்டோ எடுக்கணும்."

நானும் பார்த்தேன். அது எங்கள் திருஷ்டி பொம்மை.

கண்ணேறு படாமலிருக்க மனைவி கட்டச் சொன்னது. அதற்கு என் பழைய சட்டையைக் கேட்டாள். பழையது எது, போட்டுக்கொண்டிருப்பது எது என்று எனக்கே தெரியாததால் கொடுக்கவில்லை. மேஸ்திரி சும்மா கிடந்த ஜாக்கெட்டில் வைக்கோலைத் திணித்தார். சட்டித் தலை மழையில் நனையாமலிருக்க ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். கயிறு போதாமல் பெல்ட்டைப் போட்டுக் கம்பியில் கட்டினார். மொத்த சைட்டிலும் சட்டத்தை மதித்தது அது ஒன்றுதான்.

"யோவ், எறங்கி வாய்யா!" என்று அதிகாரி பாசமாகக் கூப்பிட்டார். அது வரவில்லை. காற்றடித்தது. திரும்பி, நாக்கைத் துருத்தியது.

போட்டோவுக்காக எடுத்த போனை அதிகாரி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வைக்கோலுக்குப் பெல்ட்டு, மனுஷனுக்குத் துண்டா?" என்று ஆரம்பித்தவர் தெருவின் மறுமுனைவரை கேட்கிற மாதிரி பேசினார். கடைசியில் மனமிறங்கினார். நாளை எல்லாத் தலையிலும் ஹெல்மெட், ஓரத்தில் நிற்பவருக்குப் பெல்ட், பாண்டு சுமக்காமல் லிப்ட் வைத்த கலவை மிஷின். காலையில் வந்து பார்ப்பேன், ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிஷினுக்குச் சொல்லியாயிற்று. வடை ஹெல்மெட்டைக்கூடக் கழுவியாயிற்று. பொம்மையிடமிருந்து பெல்ட்டைக் கழற்றும்போது மேஸ்திரியின் கை நழுவியது. பொம்மை கீழே விழுந்து சட்டி சுக்குநூறானது.

மனைவி இடுப்பில் கைவைத்தாள். "பொம்மை இல்லாம நாளைக்கு ஒரு சட்டி கலவை மேல ஏறக்கூடாது."

"பூசணிக்கா கட்டிக்கலாம்" என்றேன்.

"அது குடிபோற அன்னைக்கு. கட்டுற வூட்டுக்குப் பொம்மைதான்."

மேஸ்திரியும் அவள் கட்சிக்குப் போய்விட்டார். திருஷ்டி பொம்மை இல்லாத சைட்டில் அவர் கரண்டியே பிடிக்கமாட்டாராம். சட்டத்துக்குப் பயப்படாத மனுஷன் சட்டிக்குப் பயந்தார். புதுச் சட்டி வாங்கலாமென்றால் கடை சாத்தியிருந்தது. தை மாதம் கண்ணெதிரே நழுவுவதைப் பார்த்த மச்சான்தான் வழி சொன்னார்.

"பாக்கிறவங்க கண்ணு பட ஒரு மூஞ்சி வேணும், அவ்ளோதானம்மா? மாப்ள சும்மாதான இருக்காரு?"

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஜாஸ்தி வேலை இருக்காது" என்றாள்.

மறுநாள் காலை, எதிர்ப்பக்க மணல் குவியல்மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். கரியால் மீசை. கன்னத்தில் சுண்ணாம்புப் புள்ளி. காலரில் வைக்கோல். மனைவி என் இரண்டு கைகளையும் விரித்துவைத்து, "ஆட்டாதீங்க" என்றாள். போகிற ஷேர் ஆட்டோவெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயின. ஊர்க்கண் முழுக்க என்மேல் பட்டது. வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை. வேலை தெரிந்த பொம்மை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி வந்தார். மஞ்சள் தலைகளையும் லிப்டையும் பார்த்தார். "பொம்மைய கீழ எறக்கிட்டீங்களா, நல்லது" என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டே, தன் தோள்பையைக் கழற்றி என் கையில் மாட்டினார்.

"வணக்கம் சார்" என்றேன்.

அவர் குதித்த குதியில் மணலில் ஒரு செருப்பு புதைந்துபோனது. மூச்சு வந்ததும் முதல் காரியமாக என் தலையைப் பார்த்தார். எனக்கென்று ஹெல்மெட் மிச்சமில்லை. மேலே லிப்ட் நின்றது. மச்சான் பதறி ஓடிவந்தார். கரியிலும் சுண்ணாம்பிலும் அதிகாரிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இவரு யாரு? வேலை செய்யிறவரா?"

"இல்லீங்க சார். கல்யாணமான நாள்லருந்து செய்யல" என்றார் மச்சான்.

"ஓனரா?"

"இன்னைக்குப் பொம்மைங்க சார்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "பொம்மைக்கு ஹெல்மெட் போடணும்னு எங்க ரூல்ல இல்ல" என்றார் கடைசியில். "ஆனா வேலை முடியிறவரைக்கும் இது ரோட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது." பையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

என் வீட்டுத் தளத்துக்கு முதல் சட்டி கலவை கொட்டியதை நான் பார்க்கவில்லை. வண்டிகள் வருகிற பக்கம் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். சத்தம் மட்டும் கேட்டது. இருட்டுவதற்குள் முடிந்தது.

தளம் இறுக அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த ஆள் வைக்க வேண்டாம் என்று மச்சான் சொல்லிவிட்டார். தினமும் விடிவதற்குமுன் அவரே போய்க் குழாயைத் திறந்தார். நாங்கள் எழுந்திருக்கும்போது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நனைந்த காலோடு ஹால் வாசலில் நிற்பார்.

"நல்லா இறுவிடிச்சி மாப்ள" என்பார். "நானே மேல ஏறிக் குதிச்சிப் பாத்துட்டேன்."