இரவில் நடக்காதவர்கள்

திருத்தணியில் நான் வேலை பார்க்கும் நூல் டிப்போவில் எல்லாரும் நாள் முழுக்கத் தமிழ்தான் பேசுகிறார்கள். எண்ண ஆரம்பித்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுகிறார்கள். "இன்னாய்யா, வெயிலு இப்டிக் காயுது" என்று வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பவர், நூல் கட்டைத் தூக்கியதும் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்கிறார். வாய்ப்பாட்டைத் தெலுங்கில் படித்தவர்களாம். வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், தராசின் முன்னால் நிற்கும் என் மனசும் "தித், நித், தோன்" என்று பர்மியர் போல எண்ணிக்கொண்டிருந்தது. ரங்கூன் அரிசி மில்லில் மூட்டை எண்ணிய பழக்கம். அந்த மில்லில் என்னோடு இருந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

ரங்கூன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. அங்கே அதை யாரும் கேட்டதில்லை. இங்கே என் எடை போடும் வேலை தற்காலிகம். எட்டாவது பரீட்சை தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் சித்திரையோடு அனுப்பிவிடுவார்கள். அண்ணி, என் மனைவி, நான், மூவருக்கும் இந்த வேலைதான் ஆதாரம். போன வருஷம் கணக்கில் தவறிவிட்டேன். அதனால் டிப்போ குமாஸ்தா முனிரத்தினம், என்னைவிட வயதில் மிகவும் இளையவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். யாராவது உள்ளே வந்தால் சிலேட்டை மடியில் கவிழ்த்துவிடுவேன். அவ்வளவு கூச்சம். பின்னமும் வட்டியும் மெல்ல மெல்லப் பிடிபட்டன. பீஜகணிதம்கூட நான் பயந்த அளவுக்கு இல்லை. தெரியாத ஒன்றுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து, அது இருக்கிறது என்று நம்பி மேலே போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது பழகிய காரியம்தான்.

நடைக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். ஒருவன் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மணிக்கு மூன்று மைல் நடக்கிறான். இன்னொருவன் அதே இடத்திலிருந்து பத்து மணிக்குப் புறப்பட்டு மணிக்கு நான்கு மைல் நடக்கிறான். முன்னே போனவனை எப்போது பிடிப்பான்? நான் மறுநாள் காலை பத்து மணி என்று போட்டேன்.

"இன்னா பாவா இது? ராத்திரி பத்துக்கே புட்சிடறானே. மறுநாள் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் முனிரத்தினம். தெலுங்கில் மச்சானுக்குப் பாவா; என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஆறு மணிக்கு இருட்டிடுமே. ரெண்டு பேரும் தங்கிட்டு விடிஞ்சப்புறம்தானே கிளம்புவாங்க."

"தங்கறதா! தோ பாரு பாவா, இவனுங்க கணக்குல நடக்கறவனுங்க. சோறு கேக்க மாட்டானுங்க, தூங்க மாட்டானுங்க. நடந்துகினே இருப்பானுங்க." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ரங்கூன்காரரு வழியிலயே பாய் போட்டுப் படுக்க வெச்சிட்டாருய்யா!" என்றார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சிலேட்டைத் துடைத்தேன். போன வருஷப் பரீட்சையிலும் இப்படித்தான் படுக்க வைத்திருந்தேன்.

நாற்பத்திரண்டில் யுத்தக் குண்டுகளுக்குப் பயந்து பர்மாவை விட்டு, புரோமிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டினால் அங்கே யாரும் நடக்க மாட்டார்கள். காய்ச்சலில் கிடந்த சிநேகிதனுக்காக என் அண்ணன் புரோமில் பின்தங்கினார். "நீங்க முன்னால போங்க. பொம்பளைங்களோட மெதுவாத்தானே போவீங்க. நான் எட்டி நடந்து பிடிச்சிடறேன்" என்றார். ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்த வழியையே பார்த்தோம். கடற்கரை வந்தது, கப்பல் வந்தது, அவர் வரவில்லை. அண்ணியின் பிறந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அதனால்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். யுத்தமும் முடிந்துவிட்டது. அண்ணி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஒருநாள் காலை அந்தக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி அரிசி களைந்தபடியே கேட்டார்: "பின்னால வந்தவன் புட்சானா தம்பி?"

"பிடிச்சிட்டான் அண்ணி. மறுநாள் காலையில."

"ஆங். ராத்திரி எங்கனா தங்கிட்டு வந்துகினு இருந்திருப்பாரு." களைந்த தண்ணீரைக் கொட்ட எழுந்து போனார். அது தவறான விடை என்று நான் சொல்லவில்லை.

இந்த வருஷப் பரீட்சையிலும் நடைக் கணக்கு வந்தது. நேரமும் வேகமும் வேறு, ஆனால் பிடிப்பது இருட்டிய பிறகுதான். எக்ஸ் என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு பின்னால் வந்தவரை நடக்க வைத்தேன். இருட்டில் ஒரு மரத்தடியில்கூட உட்கார விடவில்லை. ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. இரவு ஒன்பது மணி என்று விடை வந்தது. அடிக்கோடு போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

தேறிவிட்டேன். வேலை நிரந்தரமானது. முனிரத்தினம் டிப்போ முழுக்கப் பொரிகடலை கொடுத்து, "இனிமே நீ எங்கூர்க்காரன் பாவா" என்றார். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி சந்தோஷப்பட்டாள். அண்ணிதான் கேட்டார்:

"நிரந்தரம்னா இனிமே இங்கியேதானா தம்பி? அவரு ரங்கூன்ல போய்த் தேடினா?"

"பொதட்டூர்பேட்டை அவருக்குத் தெரியுமே அண்ணி."

"ஆங், தெரியும்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "பரீட்சையில அந்தக் கணக்கு வந்துச்சா? எப்ப புட்சாரு?"

தாளில் நான் எழுதியது இரவு ஒன்பது மணி. "விடிஞ்சப்புறம்தான் அண்ணி" என்றேன்.

அண்ணி எழுந்து மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். காலையில் நாங்கள் மூவரும் சாப்பிட்ட பிறகும் அதில் ஓர் ஆளுக்கு இருக்கும். டிப்போவில் இப்போது நானும் "ஒகட்டி, ரெண்டு" என்று சத்தமாகச் சொல்கிறேன். உள்ளே "தித், நித்" என்று ஓடுகிறது. அந்தச் சோற்றை மட்டும் எந்த மொழியிலும் எத்தனை பேருக்கு என்று நான் எண்ணுவதில்லை.