கல்தட்டியை விட்டுப் போகும் அத்தியாயம்

வாய்விட்டுப் படிக்கும்போது முற்றுப்புள்ளி வந்தால் கத்தரி நிறுத்தமாட்டாள். மூச்சு முட்டினால்தான் நிறுத்துவாள். நீளமான சொல் வந்தால் இரண்டு தடவை முட்டி, மூன்றாம் தடவை தாண்டுவாள். கட்டிலில் கிடக்கும் கணவரின் கடைவாயில் வழிவதை ஒரு கை துடைத்துக்கொண்டிருக்க, மறு கையிலுள்ள புத்தகத்தில் மான்கூட்டத்தின் பின்னால் ஒரு குலம் பனியில் நடந்துகொண்டிருக்கும்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறாள் என்பதால் மட்டும் வந்த பட்டப்பெயர் அல்ல அது. யார் பேச்சையும் முழுசாகப் போகவிடமாட்டாள். "சுருக்கமாச் சொல்லு, எனக்கு வேலை கிடக்கு" என்று பாதியிலேயே நறுக்கிவிடுவாள்.

கற்காலக் கதையெல்லாம் கணவருடைய கிறுக்கு. கட்டடங்களில் கிரேன் ஓட்டியவர். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில், கீழே அடுத்த சுமையைக் கட்டி முடிக்கும்வரை, குகை மனிதர்களோடு குடித்தனம் நடத்தினார். அந்தக் கதையின் முதல் நான்கு பாகங்களையும் அந்த உயரத்திலேயே முடித்தார். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். "குலத்துல கல்தட்டின்னு ஒருத்தன், காலு விளங்காது. ஆனா அவன் செதுக்கித் தர்ற ஈட்டிமுனை இல்லன்னா ஒருத்தனுக்கும் கறி கிடையாது, தெரியுமா?" என்பார். "அவனையே வந்து நம்ம கூரை ஒழுகறதை அடைக்கச் சொல்லுங்க" என்று இவள் வெட்டுவாள்.

ஐந்தாம் பாகம் வெளிவந்தபோது அவருக்குத் தலையில் ரத்தக்குழாய் வெடித்து வலப்பக்கம் விழுந்திருந்தது. மிஞ்சியவை ஏழெட்டுச் சொற்கள். ஆசையாய் வாங்கி வந்து இடக்கையில் கொடுத்தாள். வெகுநேரம் வெறித்துப் பார்த்தார். எழுத்து பிடிபடவில்லை. புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதார். அன்று முதல் இவள் படிக்கத் தொடங்கினாள்.

முதலில் தலையெழுத்தே என்றுதான் படித்தாள். குலத்துப் பெண்கள் எலும்பு ஊசியால் தோலுடை தைக்கும் இடம் வந்ததும் மாட்டிக்கொண்டாள். துணி வெட்டுகிறவளுக்கு அந்தத் தையல்காரிகள்மேல் பாசம் வந்துவிட்டது. பொறுக்கமாட்டாமல் பேருந்திலும் பிரித்து, அவருக்குத் தெரியாமல் முன்னால் ஓடினாள். அப்படி ஓடியவள்தான் அந்த அத்தியாயத்தில் போய் இடித்துக்கொண்டாள். மான்கள் தடம் மாறிவிடுகின்றன. குலம் மலையைத் தாண்டியாக வேண்டும். கல்தட்டியால் முடியாது. அவன் பெண்சாதி விறகையும் உலர்ந்த இறைச்சியையும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விடுகிறாள். கத்தரி இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை.

காரணம் இருந்தது. கடல் கடந்த ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் தம்பி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "மாமாவுக்கு அங்கேயே ஒரு பராமரிப்பு இல்லம் பாத்துட்டேன்க்கா, நீ இங்க வந்துடு. நீயும் விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?" என்றான். அவள் ஏற்கெனவே விழுந்திருந்தாள். குளிப்பாட்டும்போது அவரோடு சேர்ந்து சரிந்து, அவர் கனத்துக்கு அடியில், பக்கத்து வீட்டார் கதவை உடைக்கும்வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறாள். அதற்குப் பிறகு இடுப்பு இடுப்பாக இல்லை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் தொலைபேசியில் தம்பியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் அந்த அத்தியாயத்தையே வெட்டி எறிந்தாள். கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு கதையை மனசிலிருந்து சொன்னாள். அவளுடைய குலம் தோலையும் கழிகளையும் கட்டிக் கல்தட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. யார் முதலில் தூக்குவது என்று தொழிற்சாலைப் பெண்கள் மாதிரியே சண்டை போட்டார்கள். ஒருத்தி முதுகுவலி என்று ஒதுங்கினாள். குலத்தலைவன் மேற்பார்வையாளர் குரலில், "வாய் போதும், கை நடக்கட்டும்" என்று கத்தினான். அவர் கோணிய வாயோடு சிரித்தார். தைரியம் வந்து, அடுத்தடுத்த நாட்களில் மலையையே தாண்டவைத்துவிட்டாள்.

ஒரு மாலை பக்கத்தைப் புரட்டப் போனபோது அவருடைய இடக்கை தாளின்மேல் வந்து விழுந்தது.

"படி" என்றார்.

"படிச்சிட்டுத்தானே இருக்கேன்."

"இல்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனசிலிருந்து சொன்ன இத்தனை நாளும் அவள் ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. தடுமாறாமல் அவள் எப்போது படித்திருக்கிறாள்?

பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். முட்டி மோதி, உள்ளது உள்ளபடி படித்தாள். விறகு அடுக்கியதைப் படித்தாள். இறைச்சியை வைத்ததைப் படித்தாள். பெண்சாதி பனியில் இறங்கிய இடத்தில் அவர் அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

"திரும்பி... பாத்தாளா?"

வரியைத் தேடினாள். "பாக்கலன்னுதான் போட்டிருக்கு."

"எப்ப?" என்றார் அவர்.

கதையைக் கேட்கிறார் என்றெண்ணிப் பக்கத்தைப் பார்த்தாள். அவர் பார்வை இவள்மேல் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் எதையும் மறைத்திருக்கவில்லை.

"அடுத்த மாசம்" என்றாள். "நானே சொல்லணும்னுதான்..."

வேண்டாம் என்று தலையை அசைத்தார். இடக்கையைத் தூக்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கை தோளில் வந்து நின்றது. வேலையிலிருந்து வந்தவள் உடை மாற்றியிருக்கவில்லை, தோளெங்கும் நூல்பிசிறுகள். இரண்டு விரல்களால் ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்துப் போர்வையில் போட்டுக்கொண்டேயிருந்தார்.