உரலில் தோல் கட்டிய கெல்லா

பாலைவன ஊரான தமன்ராசெட்டுக்கு வடக்கே, மலையடிக் கூடாரங்களில் கெல்லாவைப் பொறுமைசாலி என்பார்கள். பொறுமையா அது? ஒரு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள்!

அக்காளின் பிரசவத்துக்கு அவள் போயிருந்தபோது, அவளுடைய பதினொரு ஆடுகளையும் புருஷன் உக்சேம் சந்தையில் விற்றுவிட்டான். திரும்பி வந்தவளிடம், "நரி அடிச்சிருச்சு" என்றான். எலும்புகூட மிச்சம் வைக்காத நரி! அதோடு விட்டானா, பாவி? "ஆடு வளர்க்கத் துப்பில்லாதவ" என்று ஊரெல்லாம் சொல்லி, அவளைத் தள்ளியும் வைத்தான். அதன்பின் யாரும் அவளை நம்பி ஒரு குட்டியைக்கூட மேய்க்க விடவில்லை. பிழைப்பே போயிற்று. பிறகு ஒருநாள், தன் காதுக்குறி போட்ட ஆடுகளை அடுத்த ஊர்க்காரன் மந்தையில் கண்டாள். "உன் புருஷன்தான் வித்தான், அந்தக் காசுல ஒட்டகம் வாங்கினான்" என்றான் அவன்.

மழை பெய்த சந்தோஷத்தில் ஆட்டம் வைத்தார்கள். நடுவில் பெண்கள் கொட்டிப் பாட, ஆண்கள் ஒட்டகத்தில் சுற்றி வருவார்கள். பெண்கள் பாட்டுக்கு ஆண்கள் எதிர்வாய் பேசக் கூடாது. கெல்லா தினை இடிக்கிற உரலைத் தூக்கி வந்தாள். அதன் வாயில் ஈர ஆட்டுத்தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் உலக்கைகளைக் கட்டினாள். உலக்கைமேல் ஆள் உட்கார்ந்து அழுத்தினால்தான் தோல் விறைக்கும். ஒரு பக்கம் அக்காள் உட்கார்ந்தாள். மறுபக்கம், "நான் உக்காரட்டுமா அக்கா?" என்று வந்து நின்றவள் மினா, உக்சேமின் புதுப் பெண்டாட்டி.

"உக்காரும்மா" என்றாள் கெல்லா. உன் காதாலேயே கேளடி என்று மனசுக்குள் கறுவினாள். தோலைத் தட்டிப் பாட்டை எடுத்தாள்.

"பதினோரு ஆட்ட நரி தின்னுச்சாம்,
சந்தையில நின்னு விலை பேசுச்சாம்!
வித்த காசுல ஒட்டகம் வாங்கி
புதுப் பொண்ணுக்குப் பரிசம் போட்டுச்சாம்!
நரிக்குப் பேரு உக்சேமாம்!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அன்று அத்தனை இடியும் உக்சேமுக்குத்தான். பெண்கள் குலவையிட்டுச் சிரித்தார்கள். ஒட்டகத்தில் சுற்றி வந்த அவன், அங்கே ஆண்கள் போடுகிற முகத்திரையைக் கண்வரை இழுத்துக்கொண்டான். பாட்டை நிறுத்த வழியில்லை, பெண்டாட்டியைக் கூப்பிடலாமே.

"மினா! எந்திரிச்சு வாடி!"

மினா எழுந்தாள். தோல் தொய்ந்து சத்தம் செத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் கெல்லா.

"அக்கா, எனக்குப் பரிசமா வந்த ஒட்டகம் உங்க ஆட்ட வித்த காசுல வாங்கினதா?"

"ஆமாடி."

மினா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உலக்கைமேல் தொம்மென்று உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து பாடுங்கக்கா. பேரை மட்டும் இன்னும் சத்தமா."