அம்மா படுத்திருந்த சீட்டுக்கு அடியில் தீ

அம்மாவுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்த சமயத்தில்தான் எங்கள் காரும் படுத்த ஆரம்பித்தது. ஆனையூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகும்போது, சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் என் கைக்குள் லேசாக நடுங்கும். பச்சை விழுந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் திக்கிவிட்டுத்தான் நகரும். வெளிநாட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "பழைய பெட்ரோல் வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் கைக்கு அந்த நடுக்கம் தெரிய வழியில்லை.

வழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார்.

"மிஸ்ஸிங் அடிக்குது டீச்சர். நாலு சிலிண்டர்ல ஒண்ணு சரியா எரியல."

பிளக்குகளைக் கழற்றினார். ஒன்று மட்டும் கறுத்து, பெட்ரோலில் நனைந்து இருந்தது. நான்கையும் புதிதாக மாற்றினார். இன்ஜின் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடியது. "பயப்படாம ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார். நானும் நம்பினேன்.

அம்மா அப்போது சோழவந்தானில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். தங்கச்சிக்கு லீவு முடிந்துவிட்டதால் நான் அழைத்துவரப் போனேன். தொடைவரை கட்டு. மடக்க முடியாது. பின் சீட்டில் குறுக்காகக் காலை நீட்டிவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கதவோடு சாய்த்துப் படுக்கவைத்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். நல்ல வெயில்.

வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டியதும் ரோட்டில் காய்ந்த உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து பயறு உதிரும். எங்கள் பக்கம் இது எப்போதும் நடப்பதுதான். நான் மெதுவாக அதன்மேல் ஏற்றி ஓட்டினேன். அடியில் சரசரவென்று உரசியது. அதைக் கடந்து வேகமெடுக்கப் பார்த்தபோது வண்டி உதறியது. பழைய நடுக்கம் இல்லை இது, சீட்டே குலுங்கியது. முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்தது. பெட்ரோல் வாடை வந்தது.

"என்னத்தா, வண்டி இப்பிடி ஆட்டுது?"

"ஒண்ணுமில்லம்மா."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. வெயிலில் அம்மாவை வைத்துக்கொண்டு நிறுத்த மனசில்லை. தூரத்தில் ஒரு வேப்பமரம் தெரிந்தது. அதுவரை போய்விடலாம் என்று மிதித்தேன். மிதிக்க மிதிக்க உதறல்தான் கூடியது, வேகம் கூடவில்லை. மரத்தை நெருங்கும்போது வாடை மாறியது. பெட்ரோல் இல்லை, சருகு எரிகிற வாடை. கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வெள்ளையாகப் புகை.

நிறுத்தி, இறங்கிக் குனிந்து பார்த்தேன். வண்டியின் நடுவயிற்றில் ஓடும் புகைக்குழாய் ஒரு இடத்தில் புடைத்திருக்கும். அந்த இடம் அடுப்பில் காய்ந்த இரும்பாகச் சிவந்திருந்தது. அதைச் சுற்றி உளுந்துச் செடி கற்றையாக மாட்டிக்கொண்டு எரிந்தது. பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பது எனக்கு எப்படியோ தெரியும். அம்மா அதன்மேல்தான் படுத்திருக்கிறாள்.

கத்தினேனா என்று தெரியவில்லை. ஓடிப்போய் அவள் சாய்ந்திருந்த கதவைத் திறந்தேன். தலையணையோடு என்மேல் சரிந்தாள். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கட்டுப் போட்ட கால் முன் சீட்டில் முட்டி நின்றது. அம்மா வலியில் அலறினாள். அவளுக்கும் புகை தெரிந்துவிட்டது.

"என்னைய விட்டுட்டுத் தள்ளிப் போயிரு. சொன்னாக் கேளு. உனக்குப் பிள்ளைக இருக்கு."

"சும்மா இரும்மா!"

உளுந்து காயப்போட்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் புகையைப் பார்த்துவிட்டு பைக்கில் வந்தார்கள். அந்த ஆள் மறுபக்கக் கதவைத் திறந்து காலைத் தூக்கினார். "அக்கா, தலைமாட்ட விட்றாதீங்க, நான் தள்ளுறேன்!" எப்படி வெளியே வந்தோம் என்று இன்றைக்கும் கோர்வையாகச் சொல்ல முடியாது. அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்துக்கும் அப்பால் வரப்பில் கிடத்தினோம். அதற்குள் அந்தப் பெண் ஒரு நீளக் கழியால் எரிகிற செடியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கையாலேயே மண்ணை அள்ளி அள்ளி அடியில் வீசினார். தீ அடங்கியது. வண்டி எந்த நிமிஷமும் வெடிக்கும் என்று நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வெடிக்கவில்லை.

"எங்க செடியாலதான" என்று அந்தப் பெண் அழுதாள். அம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டி இழுத்துவந்த காரின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எரியாத பெட்ரோல் அம்புட்டும் குழாய்க்குள்ள போயி அங்க எரிஞ்சிருக்கு டீச்சர். அதான் இப்பிடிச் சிவந்திருக்கு. புதுப் பிளக்குப் போட்டும் ஏன் எரியலன்னுதான் தெரியல."

கருகிய வயர்களையும் அந்தக் குழாயையும் மாற்றிய பிறகுதான் சோதித்துப் பார்க்க முடிந்தது. நான் ஒரு தீயணைப்பான் வாங்கிக் கொண்டுபோய்க் கையில் பிடித்தபடி நின்றேன். அவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டுதான் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒழுங்காக ஓடியது. சூடேறட்டும் என்று காத்திருந்தோம். நன்றாகச் சூடானதும் உதறல் வந்தது.

அவர் கையிலிருந்த கருவி இரண்டாவது சிலிண்டர் என்று காட்டியது. இன்ஜினை அணைத்து, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். மூன்றாவதை இரண்டில் போட்டார். மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை.

"கோளாறு காயிலோட கூடவே போகுது பாருங்க. பிளக்குல ஒண்ணுமில்ல."

கழற்றிய காயிலை வெளிச்சத்தில் திருப்பினார். பக்கவாட்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஆறியிருந்தால் ஒட்டிக்கொள்ளும், சூடானால் விரியும். விரிந்ததும் பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். "அன்னைக்கே சூடாக்கிப் பாத்திருக்கணும்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தேன், தெரியவே இல்லை.

புதுக் காயில் போட்டு, கொதிக்கிற வெயிலில் அழகர்கோவில் வரை நான் மட்டும் ஓட்டிப்போய்த் திரும்பினேன். நடுக்கம் இல்லை. ஆனாலும் வழியில் எத்தனை தடவை நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தேன் என்று கணக்கில்லை.

கட்டுப் பிரிக்கும் நாளில் ஆட்டோவில் போவோமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு, நம்ம வண்டி நிக்கும்போது" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் அதே மாதிரி ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் வலது கை கதவைத் திறக்கும் கொக்கியைப் பிடித்தபடியே இருந்தது. நான் கதவுகளைப் பூட்டவில்லை.