ஓநாய் மனிதனுக்கு நான் வாங்கிக்கொடுத்த விடுதலை

அரச சேவையில் நான் நடத்திய விசாரணைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. முடிவு கண்ட ஒன்றை ஓய்வுபெற்ற பிறகு, என் வீட்டு முன்னறையில் நடத்தினேன்.

யுத்தத்தின் கடைசி ஆண்டுகள் அவை. ஒரு நாள் காலையில் துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் ஊரடங்கு போட்டார்கள். கைத்தொலைபேசிகளும் செத்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பெண் வந்து எங்கள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுடைய கணவன் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வெல்டிங் வேலை செய்பவன். விடியச் சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. போகிற வழியில் ஆட்கள் காணாமற்போகும் காலம். அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்த காலம்.

அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணீர் ஆறிப்போனது. எனக்குத் தெரிந்த ஆறுதல்கள் எல்லாம் சுற்றறிக்கை மொழியில் இருந்தன. என் மனைவிதான் டிவிடியைப் போட்டாள். அவளுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். முதல் நாள்தான் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள்.

ஆங்கிலப் படம். நீண்ட கறுப்பு அங்கி போட்ட இரத்தக்காட்டேரிகள் பழைய கோட்டையொன்றில் இருந்துகொண்டு, காட்டிலிருக்கும் ஓநாய் மனிதர்களைச் சுடுகிறார்கள். எந்நேரமும் மழை. ஓர் அறையிலாவது லைட் போடுவதில்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வது எங்கள் வீட்டில் என் கடமை.

“ஓநாயெண்டா நரியோ, அங்கிள்?”

“நரிக்குப் பெரியப்பன் முறை, பிள்ளை.”

“இதில ஆர் நல்லாக்கள்?”

“ரெண்டு பகுதியும் தாங்கள்தான் எண்டு சொல்லுகினம்.”

கொஞ்சம் சிரித்தாள். பிறகு கதைக்குள் வந்துவிட்டாள். காட்டேரிகள் வெயில் பட்டால் எரிந்துபோகும், ஓநாய் மனிதர்கள் பகலில் எங்களைப்போல ஆட்கள்தான் என்று விளங்கப்படுத்தினேன். ஓநாய்த் தலைவனைப் பிடித்துச் சங்கிலி போட்டு நிலவறைக்குக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி காட்டோரத்தில் மழைக்குள் காத்து நின்றாள். அந்த இடத்தில் மின்சாரம் போனது.

“அவர் வருவாரோ, அங்கிள்?” யாரைப் பற்றிக் கேட்டாளோ தெரியாது.

நானும் அந்தப் படத்தை முன்பு பார்த்ததில்லை. “வருவார்” என்றேன்.

“எப்பிடியாம்?” என்றாள் என் மனைவி, குறும்பாக.

“ஒருத்தரைப் பிடிச்சால் என்னத்துக்கெண்டு சொல்லவேணும். இவையள் சொல்லேல்லை. அதால விசாரணை வைக்கவேணும்.”

“ஓநாய்க்கோ?”

“பகலில மனுசன்தானே! ஆனபடியால் விசாரணை பகலில, கோட்டை முற்றத்தில.”

“இஞ்சருங்கோ, காட்டேரி வெயிலுக்க வர ஏலாதே!” என்று குறுக்கிட்டாள் என் மனைவி.

“அதுதானே நான் சொல்லுறன். முறைப்பாட்டுக்காரர் சமுகமில்லை. மூண்டுதரம் பேர் கூப்பிட்டது. வரேல்லை. ஒருதலையாத் தீர்ப்பு.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சரியான கள்ள விசாரணை!”

“சட்டப்படி ஒரு பிழையும் இல்லை.”

ஆனால் வெளியே இன்னும் ஒரு சத்தமும் இல்லை. அவள் கண் தெருப் படலைப் பக்கம் திரும்பிற்று. விடுதலையை அவ்வளவு கெதியாக முடித்துவிடக்கூடாது என்று எனக்குப் பட்டது. சங்கிலிப் பூட்டின் திறப்பு யாரிடம் என்ற பிரச்சினையைக் கிளப்பினேன். காவலனை மேலதிகாரியிடம் அனுப்பினேன். மேலதிகாரி சவப்பெட்டிக்குள் நித்திரை. பறித்த வாளையும் சப்பாத்தையும் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கை விரித்தேன். ஒத்திவைப்பதில் என்னை மிஞ்ச எங்கள் கந்தோரில் ஆள் இருக்கவில்லை. அந்தத் திறமையால் ஒருவருக்கு நன்மை விளைந்தது அன்றைக்குத்தான்.

பின்னேரம் படலை கிறீச்சிட்டது. வேர்த்து நனைந்த சட்டையோடு, காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் கணவன் வந்தான். பாதையை அப்போதுதான் திறந்துவிட்டார்களாம். இருண்ட தொலைக்காட்சியைச் சுற்றி மூன்று பேர் இருப்பதைப் பார்த்து வாசலில் நின்றான்.

“என்ன செய்யிறியள் இதில?”

அவள் ஓடிப்போய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு இழுத்துவந்து தன் கதிரையில் இருத்தினாள்.

“பொறுங்கோ. மற்ற ஆள் இன்னும் வீட்ட போய்ச் சேரேல்லை. சொல்லுங்கோ அங்கிள்.”

வழியில் ஒரு காவலரணும் வைக்காமல் ஓநாய் மனிதனை நேரே வீட்டுக்கு அனுப்பினேன்.

கரண்ட் வந்ததும் மிச்சப் படத்தைப் போடவா என்று கேட்டாள் என் மனைவி.

“வேண்டாம் அன்ரி,” என்றாள் அந்தப் பெண். “அவங்கள் அதில அவரை என்ன செய்து வைச்சிருக்கிறாங்களோ.”