கங்காணியின் பகல் தூக்கம்

மடுல்கெல்லப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் மூன்று பருவம் களத்து வேலை செய்தேன். கழுவிய காப்பிக்கொட்டையைக் கயிற்றுப் பாயில் பரப்பி, வெயிலில் கிளறிக் காயவைப்பது எங்கள் ஐந்து பெண்களின் வேலை. எங்களுக்கு மேலே ஒரு கங்காணி. அவருக்குக் கொட்டை காய்ந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்கத் தெரியாது. நன்றாகத் தெரிந்தது சாப்பிடுவது.

உச்சிப் பகலானதும் அவர் வீட்டிலிருந்து சட்டி சட்டியாக வரும். ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, பலாக்கொட்டை, கடைசியில் பாணி ஊற்றிய எருமைத் தயிர். நாங்கள் சோற்றை மிளகாயோடு விழுங்கிவிட்டு மறுபடி கிளறப் போன பிறகும் அவர் வாய் அரைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் வேட்டியைத் தளர்த்துவார். ஏப்பம், கொட்டாவி. காய்ந்த கொட்டையை வைக்கும் ஸ்டோர் வாசலில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துவிடும். ஈ உள்ளே போய் வெளியே வரும். வயிறு முட்டத் தின்றால் யாருக்கும் கண் சொருகும்தான். என் கல்யாணச் சாப்பாட்டன்று எனக்கும் சொருகியது. ஆனால் இந்த மனிதர் எழுந்ததும், கன்னத்து எச்சிலைக்கூடத் துடைக்காமல், எங்களைப் பார்த்து "சோம்பேறிக் கழுதைங்களா!" என்பார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அன்று கோழியும் சேர்ந்தது. அவர் தூங்கிய சற்று நேரத்தில் மலை கறுத்தது. களம் நிறையக் கொட்டை. ஸ்டோர் பூட்டியிருந்தது, நாங்கள் திருடிவிடுவோமாம், அதனால் சாவி எப்போதும் அவர் இடுப்புக் கயிற்றில்.

"கங்காணி ஐயா, எந்திரிங்க! மழ வருது!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உம்."

"சாவியக் குடுங்கய்யா!"

"கறி இன்னுங் கொஞ்சம் வையி" என்றார், கண்ணைத் திறக்காமல்.

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நாளென்றால் கூசியிருப்பேன். அன்று சாக்குக் கட்டு அறுக்கும் கத்தியை எடுத்து அந்தக் கயிற்றை அறுத்தேன். அப்போதும் அவர் அசையவில்லை. கதவைத் திறந்து, வாசலை அடைத்துக் கிடந்த அவர் கால்களைத் தாண்டித் தாண்டிப் பாய்களை உள்ளே இழுத்தோம். இரண்டு பாய் மட்டும் நனைந்தது.

மழை முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தார். பாதையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரையைக் கண்டதும் வெறும் களத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஓடுங்க, ஓடுங்க! பாயச் சுருட்டுங்க!"

துரையும் பங்களாவில் தின்றுவிட்டுத் தூங்கி எழுந்து வந்தவர்தான். முகம் வீங்கியிருந்தது.

"சாவி யாருகிட்ட?" என்றார்.

கங்காணி இடுப்பைத் தடவினார். நான் சாவியை நீட்டினேன். துரை என்னையும், அறுந்த கயிற்றையும், அவரையும் பார்த்தார். எல்லாம் புரிந்துதான் இருக்கும். சாவியை வாங்கி அவரிடமே கொடுத்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

மறுநாள் சாப்பாட்டுச் சட்டிகள் வந்ததும் கங்காணி சாவியைக் கழற்றிக் கதவோர ஆணியில் மாட்டினார்.

"மழ வந்தா தொறந்துக்கங்க. என்னய எழுப்பாதீங்க" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பருவம் முழுக்க நாங்களே திறந்தோம், நாங்களே பூட்டினோம். ஒரு கொட்டைகூடக் களவு போகவில்லை. அவர் முன்பைவிட நிம்மதியாகத் தூங்கினார்.